காதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது

1794இல் எடோ நகரத்தில் டோஷூசாய் ஷராகு என்ற பெயரில் கபுகி நடிகர்களின் மரஅச்சுப் படங்கள் வெளிவரத் தொடங்கின. கோணல் வாய், ஒன்றையொன்று முறைக்கும் கண்கள், பெண் வேடத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கிழட்டு ஆண் முகம். பத்து மாதங்களில் 140க்கும் மேற்பட்ட படங்கள். பிறகு ஆளையே காணோம்.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: யார் இவர்? உதமாரோ, ஹொகுசாய், ஏன், பதிப்பாளர் த்ஸுதாயாவே வரைந்திருப்பார் என்றுகூடச் சொன்னார்கள். இதற்குக் கோட்டையே சாட்சியாக அழைப்பது ஒரு வழி. மருத்துவம் படித்த இத்தாலியர் மொரெல்லி 19ஆம் நூற்றாண்டில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். முகத்தை ஓவியன் யோசித்து வரைகிறான்; காதையும் நகத்தையும் கை பழக்கத்தில் போட்டுவிடுகிறது. எனவே காதைப் பார். (இதை எழுதிய மொரெல்லி முதலில் ஒரு ரஷ்யப் புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்பது தனி வேடிக்கை.)

மரஅச்சில் இது அத்தனை சுலபமில்லை. ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். அதைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, செதுக்குபவர் தாளோடு சேர்த்தே வெட்டுவார். மூலம் அழிந்துவிடும். நாம் பார்க்கிற காது உளி போட்ட காது.

அதனால்தான் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவு அருங்காட்சியகத்தில் 2008இல் அடையாளம் காணப்பட்ட விசிறி ஓவியம் அவ்வளவு பேசப்பட்டது. ஷராகு கையெழுத்தோடு, தூரிகையால் நேரடியாக வரைந்தது. ஆனால் அந்தக் கோடும் எவ்வளவுதான் சொல்லும்? 'இது உதமாரோ கையில்லை' என்று சொல்லலாம். பெயர் சொல்லாது. எங்கள் தொழிலிலும் பெயர் போடாத நிரலைப் பார்த்ததுமே 'இது அவன் எழுதினதுடா' என்போம். ஆனா அவன் எழுதின வேற நிரலை முன்னாடியே பார்த்திருக்கணும்.

பெயரைத் தந்தவை காகிதங்கள். ஷராகு என்பவர் எடோவின் ஹட்சோபோரியில் வாழ்ந்த, ஆவா பிரபுவிடம் பணிபுரிந்த நோ நடிகர் சைதோ ஜூரோபெய் என்று 1844இலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. இன்று பெரும்பாலானவர்கள் ஏற்பதும் அதைத்தான். இருந்தும் இருபதாம் நூற்றாண்டு முழுக்க வேறு ஆளைத் தேடினார்கள். ஏன்? ஆதாரம் போதாது என்பது ஒரு காரணம். நியாயமானதுதான். ஆனால் தேடியவர்கள் போட்ட பட்டியலைப் பார்த்தால் எனக்கு வேறொன்றும் தெரிகிறது: பெரும்பாலும் ஏற்கெனவே பேர் வாங்கியவர்கள். யாரோ ஒரு நடிகன் இதைச் செய்திருக்க முடியாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. மேதைமைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்கிற புத்தி.

இன்னொரு பக்கமும் உண்டு. நோ, சாமுராய்கள் ஆதரித்த கலை; கபுகி, நகரத்து ஜனங்களின் கேளிக்கை. பிரபுவிடம் சம்பளம் வாங்குபவர் கபுகி நடிகர்களை வரைந்து விற்றால் பெயரை மறைக்கத்தான் செய்வார். அவர் மறைத்ததை இருநூறு வருஷம் கழித்துக் காதைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவர நமக்கு என்ன உரிமை? செத்தவருக்கு இனி வேலை போகாது என்பது பதிலாகலாம். எனக்கு அது முழுசாகப் போதவில்லை. ஆனாலும் பெயர் தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஹொகுசாய்க்குப் போயிருக்க வேண்டிய புகழ் இல்லை இது.

கோஷிகாயாவிலுள்ள ஒரு புத்த கோயிலின் இறப்புப் பதிவேட்டில் சைதோ ஜூரோபெய் இருக்கிறார். 1820இல், 58 வயதில் இறந்தார். ஷராகு வரைவதை நிறுத்தி அப்போது 25 வருஷம் ஆகியிருந்தது.