யாரும் நடவாத முடுக்கு

சாத்தூரின் பழைய தெருக்களில் இரு வீடுகளுக்கிடையே ஓர் ஆள் நுழையுமளவு ஓடும் குறுவழியை முடுக்கு என்பர். இன்று அத்தகைய முடுக்குகள் சில ஆளரவமின்றிக் கிடக்கின்றன. முள் முளைத்திருக்கும், சாக்கடை தேங்கியிருக்கும். அடுத்த வீட்டுக்காரர் விலை கொடுத்து வாங்கி, மதிலெழுப்பித் துப்புரவாக வைத்துக்கொள்வதாக நகராட்சிக்கு விண்ணப்பித்தால், கொடுத்துவிடுவது தவறா?

தவறென்று உடனே சொல்ல நான் துணியமாட்டேன். இரவோடிரவாகச் சுவரைத் தள்ளிக் கட்டிக்கொள்பவரைவிட, மனுச் செய்து பணம் கட்ட முன்வருபவர் நேர்மையாளர். சட்டமும் வழி வைத்திருந்தது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி, மாநில அரசின் ஒப்புதலுடன் பொதுத் தெருவை நிரந்தரமாக மூடலாம். மூடிய நிலத்தை விற்கவும் செய்யலாம். (2023-இல் அச்சட்டத்தின் இடத்தைப் புதிய சட்டம் பெற்றுவிட்டது.) ஆயினும் தெருவுக்கு நகராட்சி காவலரே அன்றி, நினைத்தபடி ஆளும் உடைமையாளர் அன்று. அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்த மங்லோர் நகராட்சி, சாலையோர நிலத்தில் காந்தியடிகளின் சிலையும் தண்ணீர்ப் பந்தலும் நூலகமும் அமைக்க முயன்றது. நோக்கத்தில் குறை காண யாரால் இயலும்? எனினும் 1960-களில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை. தெருவாகப் பேணுவதற்கென்றே ஒப்படைக்கப்பட்ட நிலம் அது.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். ஆகாபு அரசன் முதலில் பேசிய பேரம் அநியாயமானதன்று. தன் அரண்மனையை ஒட்டிய தோட்டத்துக்கு ஈடாக அதைவிட நல்ல தோட்டமோ, உரிய விலையோ தருவதாகவே சொன்னான். மறுத்துரைக்க அங்கே ஒரு நாபோத்து இருந்தான். முடுக்குக்கு அப்படி ஒருவன் இல்லை. எல்லாருக்கும் உரியது என்பதாலேயே எவரும் எழுந்து பேசுவதில்லை. வாங்குபவரும் ஒருவரே, நான்கடி அகல நிலம் வேறு எவருக்கு உதவும்? ஏலம் விட்டாலும் அது பெயரளவுக்குத்தான்.

'பயன்பாட்டில் இல்லை' என்னும் சொல்லுக்கே நான் அஞ்சுகிறேன். வெற்றிடத்தின் அருமை நம் பகுதியாருக்குத் தெரியும். பட்டாசு ஆலையில் ஓர் அறையில் பற்றிய தீ மற்றதற்குத் தாவாதிருக்க இடைவெளி விடவேண்டும் என்பது விதி. சும்மா கிடப்பதே அந்நிலத்தின் வேலை. மயானப் பாதையிலும் நாள்தோறும் எவரும் நடப்பதில்லை. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். இடையிலிருந்த தனியார் நிலங்களின் வழியே மயானத்துக்குச் செல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. நம் நகரங்களின் பின்சந்துகள் பல, எடுப்புக் கழிப்பிடங்கள் இருந்த காலத்தில் வகுக்கப்பட்டவை. மலக்கூடை சுமந்தவர்கள் முன்வாசல் வழியே வந்துவிடக்கூடாது என்பதற்காக அவர்களுக்கென்று விடப்பட்ட வழிகள் அவை. 1993-ஆம் ஆண்டின் சட்டம் அக்கொடுமையைத் தடை செய்தது. 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. சந்துகள் வெறுமையாயின. அது நல்லதே. ஆனால் எவர் முகத்தைக் காண விரும்பாமல் அந்த வழியை வகுத்தோமோ, அவர் நடப்பது நின்றதும், 'எங்கள் சுவரை ஒட்டிய இடம்' என்று நாமே கை நீட்டுகிறோம். அதில் கூடை சுமந்து நடந்தவரின் பேரனுக்கு ஏதும் பங்கு உண்டா என்று கேட்ட தீர்மானம் எதையும் நான் கண்டதில்லை.

விற்பதானால் விற்கட்டும். அதற்குமுன் அறிவிப்பைச் சந்தின் இரு முனைகளில் மட்டுமன்றி, அவர்கள் குடியிருக்கும் தெருவிலும் ஒட்டலாம். வரும் பணம் பொது நிதியில் கரைந்துபோகாமல் அந்தத் தெருவின் மயானப் பாதைக்குச் செல்லட்டும் என்று, மன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினராவது எழுந்து கேட்கலாம்.