பந்தியில் யார் இருக்கிறார்கள்?

ஊழியத்துக்கென்று பிறந்த நாட்டை விட்டுப் புறப்பட்டவர்கள், அந்த நாட்டின் பண்டிகையை மட்டும் ஏன் கூடவே கொண்டுபோகிறார்கள்? சொத்து, சுற்றம், நல்ல சம்பளம் எல்லாவற்றையும் விடத் துணிந்தவர்களுக்கு ஒருநாள் விருந்தை விட முடியாதா? சபைகளில் பலர் இப்படிக் கேட்பதுண்டு. மிஷனரி என்றால் போன ஊர்க்காரராகவே மாறிவிட வேண்டும், பழையதை நினைக்கவும் கூடாது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த நாட்டுப் பண்டிகையையும் எந்த நாட்டிலும் கொண்டாடலாம். அன்றைக்குப் பந்தியில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதை மட்டும் நான் பார்ப்பேன்.

என் அம்மா மதுரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். அங்கே அமெரிக்க டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு வாழ்ந்தார். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அவர்கள் நாட்டில் நன்றி கூறும் நாள். 'தேங்க்ஸ்கிவிங்' என்பார்கள். நமக்கு அது வெறும் வியாழக்கிழமை. கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு நோயாளிகள் வழக்கம்போல் வருவார்கள். கடைசிச் சீட்டையும் பார்த்து முடித்த பிறகு, ராத்திரிதான் விருந்து. வான்கோழி கிடைக்காது, நாட்டுக்கோழி. கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்துக்குப் பதில் களாக்காய் ஜாம். பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும் சந்தையிலேயே கிடைத்தன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்து நம் சமையலில் சேர்ந்துவிட்டவை அல்லவா?

அந்த வீட்டுக் கூடத்தில் ஆயா, கம்பவுண்டர், வாட்ச்மேன், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் பாயில் உட்காருவோம். சாப்பிடும் முன் ஆளுக்கொரு காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். "பேரனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, அதுக்குத்தான்" என்று ஒரு வருஷம் ஆயா சொன்னார். டாக்டர் அதற்கு ஆமென் சொன்னார். அந்தப் பேரனுக்கு வைத்தியம் பார்த்தவரும் அவர்தான்.

டாக்டரின் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை விடுப்பில் போய்ப் பார்த்ததுதான் அவர்கள் அறிந்த அமெரிக்கா. 'நாம் யார்' என்று ஒரு நாள் அவர்கள் கேட்பார்கள். அப்போது கையில் கொடுக்கப் பெற்றோரிடம் ஏதாவது இருக்க வேண்டும். கன்றைப் பெயர்த்து நடும்போது வேரோடு கொஞ்சம் தாய்மண்ணும் வர வேண்டும். அதை உதறிவிட்டு நட்டால் புதுமண்ணிலும் பிடிக்காது. தன் ஊரை நேசிக்கத் தெரியாதவர் அடுத்தவர் ஊரை நேசிப்பார் என்பதை நான் நம்பமாட்டேன்.

அந்தப் பண்டிகையின் வரலாற்றைப் பிற்பாடுதான் படித்தேன். 1620-இல் 'மேஃபிளவர்' கப்பலில் 102 ஆங்கிலேயர்கள் அமெரிக்கக் கரைக்கு வந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களுக்கு மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற அந்த மண்ணின் மனிதர். 1621 இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்தது. வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேரோடு வந்தார். ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் எல்லோரும் கூடி உண்டார்கள். அந்நிய மண்ணில் ஒண்ட வந்தவர்களும் அந்த மண்ணுக்கு உரியவர்களும் சேர்ந்து உண்ட விருந்து அது. 1863-இல் ஜனாதிபதி லிங்கன் நன்றி கூறும் நாளை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார்.

ஆனால் 1675-இல், மாசசோயிட்டின் மகன் மெட்டகாமுக்கும் குடியேறியவர்களுக்கும் போர் மூண்டது. மறுவருஷம் மெட்டகாம் கொல்லப்பட்டார். அவர் தலை, குடியேறியவர்களின் பிளிமத் ஊரில் கம்பத்தில் வைக்கப்பட்டது. ஒரே பந்தியில் உண்ட இரு கூட்டத்தாரின் கதை இப்படி முடிந்தது. அதனால்தான் 1970 முதல் அந்த மண்ணின் மக்கள் அதே வியாழக்கிழமை பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள். விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரராகி, வீட்டுக்காரரை வெளியே தள்ளினால் விருந்தே துக்கமாகிவிடும். வெளிநாட்டில் ஊழியம் செய்கிற ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைத்தே தங்கள் பண்டிகையைக் கொண்டாட வேண்டும்.

நம் நாட்டு மிஷன் வரலாற்றிலும் இந்த ஆபத்து இருந்தது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பல உயிர்களைப் பறிகொடுத்தார்கள். குளிர்ந்த இடம் தேடி 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் மிஷன் பங்களாவின் மதில் பல இடங்களில் உயரமாகவே இருந்தது. உள்ளே அவர்கள் பண்டிகை, வெளியே நம் ஜனங்கள்.

அந்த மதிலைப் பற்றி உலகத்தின் முன் பேசியவர் நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டாரின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கைகுலுக்கலும் நாற்காலியும் விருந்தும் தேநீரும் தங்களுக்கு அவற்றுக்காகவே வேண்டியவை அல்ல, நட்பின் அடையாளமாக வந்தால் அவை அத்தனையும் வேண்டும் என்பது அவர் வாதம். கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் வைத்த அளவுகோலைவிடச் சரியான ஒன்றை நான் காணவில்லை.

அந்த அளவுகோலில் எங்கள் டாக்டர் குடும்பம் தேறியது. அவர்கள் எங்களைக் கூப்பிட்டதோடு நிற்கவில்லை. நாங்கள் கூப்பிட்ட இடத்துக்கும் வந்தார்கள். பொங்கலன்று எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார்கள். தீபாவளி ராத்திரி டூட்டியை டாக்டர் தானே எடுத்துக்கொள்வார், இந்து ஊழியர்கள் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று. கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு வாங்கிக்கொள்ளத் தெரிவது கஷ்டம். ஊழியத்துக்குப் போகிறவர் கொடுக்கவே போகிறார். அதனாலேயே எப்போதும் தானே விருந்து படைப்பவர் என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்துவிடும். அடுத்தவர் இலையில் உட்காரும் நாளில் அது கரையும்.

இன்று புறப்படுகிறவர்கள் நாம்தான். 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்திலிருந்துதான் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். இப்போது தென்மாவட்டங்களிலிருந்து வடமாநிலங்களுக்கும் பிற நாடுகளுக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். பொங்கலையும், ஊர்ச் சபையின் அசன விருந்தையும் நினைத்து அங்கே ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்துக்காக யாரும் கூச்சப்பட வேண்டாம்.

அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தாராளமாகக் கொண்டாடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதன் கதையை, கசப்பான பகுதியையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் அழைப்பு பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். அவர்கள் தங்கள் அறுவடை விருந்துக்குக் கூப்பிட்டால் வேலையைக் காரணம் காட்டாமல் போங்கள். அங்கே உங்களுக்குக் காட்டும் இடத்தில் உட்காருங்கள்.