அழிந்த ஊருக்கு உல்லாசப் பயணமா?



பலர் மாண்டுபோன இடத்துக்குச் சிறு பிள்ளைகளை விடுமுறைக்கு அழைத்துச் செல்வது தகுமா? இத்தாலியின் சிசிலித் தீவிலே, பலெர்மோ நகரில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு வளரும் பிள்ளைகளுக்கு எத்னா எரிமலையையும், கடலுக்கு அப்பால் பொம்பெயி நகரின் இடிபாடுகளையும் பார்க்க ஆசை எழுவது இயல்பே. செங்கலடியில் உள்ள நாம் வாழைச்சேனை வழியாகப் பொலன்னறுவைக்குப் போகிறோம். ஊர் வேறு, கேள்வி ஒன்றுதான்.

கி.பி. 79இல் வெசூவியஸ் மலை வெடித்துப் பொம்பெயியைச் சாம்பலால் மூடியது. மாண்டவர்களின் உடல்கள் உக்கிப்போக, இறுகிய சாம்பலுக்குள் அவ்வுடல்களின் வடிவிலே வெற்றிடங்கள் எஞ்சின. 1863இல் பியொரெல்லி என்னும் அகழாய்வாளர் அவற்றுக்குள் சாந்தை ஊற்றி, அம்மனிதரின் உருவங்களை மீட்டெடுத்தார். கட்டிய சங்கிலியிலிருந்து விடுபட முடியாமல் துடித்த நாய் ஒன்றின் உருவமும் கிடைத்தது. கரியாகிப்போன பாண்களும் கிடைத்தன.

"இவற்றைப் பிஞ்சு நெஞ்சங்களுக்குக் காட்டலாகாது" என்பர் சிலர். "அது பழைய கதை, படம் எடுப்போம், மகிழ்வோம்" என்பர் வேறு சிலர். முன்னவர்கள் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்; பின்னவர்கள் இறந்தவர்களை மறந்துவிடுகிறார்கள்.

நம் கரையை எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் நாவலடியிலும் கல்லடியிலும் செய்ததை நாம் அறிவோம். வீடு இருந்த இடத்திலே ஒருவர் வந்து சிரித்தபடி படம் எடுத்தால் நம் நெஞ்சு பொறுக்குமா? இன்னொருவர் வந்து, "இங்கே யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் அவரை உட்காரவைத்துப் பேசுவோம் அல்லவா? இருவரும் பார்த்தது ஒரே மணலைத்தான். ஆகவே போவது குற்றமன்று. எப்படிப் பார்க்கிறோம் என்பதே கேள்வி. ஆண்டுகள் பல கழிந்ததால் மனிதர் வேடிக்கைப் பொருளாகிவிட மாட்டார்கள்.

பிள்ளை கட்டாயம் ஒன்று கேட்கும்: "அவர்கள் கெட்டவர்களா? கடவுள் தண்டித்தாரா?" இங்கேதான் பெற்றோர் கவனமாயிருக்க வேண்டும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று ஆண்டவரே தெளிவுபடுத்தினார். அந்தப் பதிலையே நாமும் சொல்வோம்.

"அப்படியானால் மலையடியில் ஏன் குடியிருந்தார்கள்?" என்று பிள்ளை மேலும் கேட்கலாம். எரிமலைச் சாம்பல் மண்ணை வளமாக்கும், திராட்சை செழிக்கும். அதனால் இன்றும் வெசூவியஸ் அடிவாரத்தில் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். நாமும் அப்படித்தானே? முந்தனையாற்று நீரை நம்பி வயல் செய்கிறோம். 2011 ஜனவரியில் வெள்ளம் வயல்களை மூடியது. அடுத்த போகத்துக்கு மீண்டும் விதைத்தோம். சோறு தரும் மண்ணை விட்டு யார் எளிதில் போவார்?

பொலன்னறுவையிலும் இதே கண்ணோடு பாருங்கள். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயிலும் உண்டு. பராக்கிரமபாகு மன்னன் காலத்துப் புத்தர் சிலைகளும் உண்டு. "இது நம்முடையது, அது அவர்களுடையது" என்பதைப் பிள்ளை முதற்பாடமாகக் கற்க வேண்டாம். பராக்கிரம சமுத்திரத்துக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தக் குளத்து நீரோ இன்றும் வயல்களுக்குப் பாய்கிறது. முதலில் அதைக் காட்டுங்கள்.

ஆகவே, பெற்றோரே, தாராளமாகப் போங்கள். பிள்ளைகள் ஓடட்டும், சிரிக்கட்டும். அது அவர்கள் வயது. வயதுக்கேற்ற அளவாகச் சொல்லுங்கள், அச்சுறுத்த வேண்டாம். ஒரு வீட்டின் வாசற்படியில் மட்டும் சற்று நில்லுங்கள். "இங்கே ஓர் அம்மா சமைத்தாள், உன்னைப்போல ஒரு பிள்ளை விளையாடியது" என்று சொல்லுங்கள். முன்பின் அறியாதவரின் துயரை மதிக்கக் கற்ற பிள்ளை, நாளை அடுத்த வீட்டுத் துயரையும் மதிக்கும்.