தப்பியவனின் நன்றி

"ஷெல் எங்கட பங்கருக்குப் பக்கத்திலதான் விழுந்தது, ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்" என்று ஸ்காபறோவில் நடக்கும் செபக்கூட்டங்களில் சாட்சி சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் விழுந்த ஷெல் பக்கத்துப் பங்கருக்குள் விழுந்திருக்கலாம். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இதே கூட்டத்தில் பின்வரிசைக் கதிரையில் இருக்கலாம். உன் பிள்ளையை ஆண்டவர் கவனிக்கவில்லை என்றல்லவா இந்த நன்றி அவள் காதில் விழும்?

தப்பியவன் நன்றி சொல்லலாமா என்பது பல வருடங்களாக என்னைக் குடையும் கேள்வி. நான் இறையியல் படித்தவனல்ல. வன்னியிலிருந்து முகாமுக்கு வந்து, போருக்குப் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, இரண்டாம் வருடத்தோடு நாட்டைவிட்டு வந்த விஞ்ஞான மாணவன். இப்போது றெஸ்ரோரன்ற் குசினியில் வெங்காயம் வெட்டி, கோப்பை கழுவி, ஆளில்லாத நாட்களில் அடுப்படியிலும் நிற்பவன். வீடு மோர்னிங்சைட்டில். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபறோ வளாகம் அருகில்தான் இருக்கிறது. நான் அதற்குள் போனது ஒரே ஒரு முறை, அதுவும் சாப்பாட்டுத் தட்டங்கள் இறக்குவதற்கு. வேலைக்குப் போய்வருவது 116ஆம் இலக்க பஸ்சில். 116ஆம் திருப்பாடலும் சாவின் வாயிலிருந்து தப்பிய ஒருவனின் நன்றிதான் என்பதை ஓர் இரவு அந்த பஸ்சிலேயே வாசித்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதே திருப்பாடல் நூலில் 88ஆவது பாடலும் இருக்கிறது. மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி, கடைசியில் எப்படியோ நம்பிக்கையில் வந்து நிற்கும். இது அப்படியல்ல. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஒரு வரி நன்றியைக் கடைசியில் ஒட்டிவிட யாரும் முனையவில்லை. ஆக, பின்வரிசைத் தாய்க்கு வேதத்தில் இடம் இருக்கிறது. நம்முடைய கூட்டங்களில்தான் இல்லை.

நன்றியோடு கூடவே வரும் இன்னொரு சொல் 'போதும்'. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் வைத்திருந்தவர்கள். வந்த புதிதில், என் அகதி வழக்கு இழுபட்ட காலத்தில், சட்டம் சொன்ன கூலிக்குக் குறைவாகக் கையில் காசாகத் தந்த முதலாளி ஒருவர் இருந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கூலியைப் பற்றிக் கேட்டால், "உயிரோட வந்து சேர்ந்தீரே தம்பி, அதுக்கு முதல்ல ஆண்டவருக்கு நன்றி சொல்லும்" என்பார். உயிரைக் காத்தவர் ஆண்டவர். மிச்சம் பிடித்தவர் முதலாளி.

இப்படிப்பட்டவர்களுக்குப் பிடித்தமானது பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் நாலாம் அதிகாரம். பவுல் – எங்கள் அம்மம்மாவுக்குச் சின்னப்பர் – சிறையிலிருந்து எழுதியது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறைவோடு வாழத் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கற்றுக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறவியில் வந்ததல்ல, ஒரே செபத்தில் இறங்கியதுமல்ல. கூடாரம் செய்து பிழைத்த கைத்தொழிலாளி அவர். பட்டினியும் அடியும் தெரிந்தவர். தன் வயிற்றைப் பற்றித்தான் அவர் பேசுகிறார். உன் பட்டினி உனக்குப் போதும் என்று எவருக்கும் எழுதவில்லை. உண்மையில் அந்தப் பகுதியே பிலிப்பியிலிருந்து எப்பப்பிராதித்து கையில் வந்து சேர்ந்த உதவிக்கு அவர் எழுதிய நன்றி.

அதே பிலிப்பி நகரில் முன்பு நடந்தது திருத்தூதர் பணிகள் பதினாறாம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் போட்டார்கள். நள்ளிரவில் இருவரும் பாடினார்கள். இதுவரைக்கும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். விடிந்தபின் நடந்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. அதிகாரிகள் சத்தமில்லாமல் விட்டுவிடச் சொல்லி ஆள் அனுப்பியபோது பவுல் போக மறுத்துவிட்டார். உரோமைக் குடிமக்களான எங்களைப் பகிரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து வெளியே கூட்டிப் போகட்டும் என்றார். அவர்களும் பயந்துபோய் வந்தார்கள். இரவில் பாடியவரும் காலையில் மறுத்தவரும் ஒரே ஆள்தான்.

2009இல் வன்னியில் கஞ்சி வரிசையில் நின்றவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இராது. அரிசியும் தண்ணீரும் உப்பும், சில நாள் உப்பும் இல்லை. அந்த வரிசைகளிலும் ஷெல் விழுந்தது. ஆனாலும் பாத்திரத்தில் ஓர் அகப்பை விழுந்ததும் வாய் தானாக நன்றி சொன்னது. முன்னுக்கு நின்றவனுக்கும் பின்னுக்கு நின்றவனுக்கும் அதே அகப்பைதான். அந்த நன்றியில் ஒப்பீடு இருக்கவில்லை. இன்று இரவு பதினொரு மணிக்குக் குசினியில் நின்றபடியே சாப்பிடும்போதும் நான் சொல்வது அந்த நன்றிதான். கையில் உள்ள சோற்றுக்கு நன்றி சொல்ல முடிகிறது. 'மற்றவனுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததே' என்ற நன்றியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். இழப்பீட்டுப் பணமும் மரணச் சான்றிதழும் வேண்டாம், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றார்கள். கந்தசுவாமி கோயிலடியில் இருந்த சைவத் தாய்மாருக்குப் பவுலைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. சத்தமில்லாமல் போய்விடு என்ற பேரத்தை அவர்களும் மறுத்தார்கள். அவர்களிடம் போய் மனநிறைவைப் பற்றிப் பேசத் துணிபவரைத் தூரத்திலிருந்து பார்க்கவே எனக்குக் கூசும்.

இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் நம் காலத்தில் பார்த்தது மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்பிடம். 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்தவர். ஒரு குருவானவர் நாள்தோறும் ஒப்புக்கொடுக்கும் நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயரின் பொருளே நன்றி செலுத்துதல்தான். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைக் கையிலெடுத்துச் சொன்ன நன்றி அது. அதை ஒவ்வொரு நாளும் சொன்ன இதே மனிதர், 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் அரச பதிவுகளின்படி 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர் எங்கே?

கணக்குத்தான், வேறொன்றுமில்லை. கத்தவில்லை, சபிக்கவில்லை. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு கூடப்போய் இன்றுவரை திரும்பாத பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் போன்றவர்களின் பெயர்கள் அந்த இலக்கத்துக்குப் பின்னால் இருந்தன.

ஆயர் 2021 ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். அன்று பெரிய வியாழன், இயேசு நற்கருணையை ஏற்படுத்திய நாள். அவருடைய கழித்தல் கணக்கின் விடைக்கு அரசு அன்றைக்கும் கணக்குக் காட்டியிருக்கவில்லை. இன்றைக்கும் காட்டவில்லை.