ருஷ்ய மொழிக்கு எந்த வழி?

சீடன்: ஐயா, ருஷ்ய மொழி கற்றுக்கொள்ள வந்தேன். பாடம் தொடங்கும் முன்பே, உன் வழியை நீயே தேர்ந்துகொள் என்கிறீர்கள். மொழியையே அறியாதவன் அதற்கான வழியை எப்படி அறிவான்?

குரு: வழி தெரியாது, சரி. எதற்காகக் கற்கிறாய் என்பது தெரியுமல்லவா?

சீடன்: எழுத்தாளர் செக்காவை அவருடைய மொழியிலேயே படிக்க வேண்டும். சோவியத் காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்புகள் அப்பாவிடம் நிறைய இருந்தன. அங்கே பிறந்த ஆசை.

குரு: இதே மொழிக்கு இரு வேறு வழிகளில் போன இருவரைச் சொல்கிறேன், கேள். பின்னாளில் டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமன் 1844இல் ஆம்ஸ்டர்டாமில் வணிக நிறுவன ஊழியர். அங்கே அவுரி வாங்க வரும் ருஷ்ய வணிகர்களோடு பேசும் ஆசை அவருக்கு. ஆசிரியர் கிடைக்கவில்லை. ‘டெலிமாக்கஸ்’ கதையின் ருஷ்ய மொழிபெயர்ப்பை உரக்கப் படித்து மனப்பாடம் செய்தார். எதிரே ஆள் இருந்தால் நல்லது என்று, ருஷ்யமே தெரியாத ஒருவரை வாரம் 4 பிராங்குக்கு அமர்த்தி, மாலைதோறும் 2 மணி நேரம் அவரிடம் ஒப்பித்தார். சத்தம் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட, இருமுறை வீடு மாறினார். 6 வாரத்தில் முதல் ருஷ்யக் கடிதத்தை எழுதியதாக அவரே சொல்கிறார்.

ஹங்கேரியின் கடோ லோம்ப் வேறு வகை. வேதியியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுக்குப் பயந்து ஒதுங்கிய நிலவறையில் கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலை வைத்துக்கொண்டு தன் ருஷ்யத்தை வளர்த்துக்கொண்டார். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டுவதில்லை. அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும் இடங்களிலிருந்து பொருளை ஊகிப்பார். மொழிபெயர்ப்பே பிறகு அவருக்குத் தொழிலானது.

சீடன்: எனக்கு லோம்பின் வழிதான். இலக்கண அட்டவணை என்றாலே சோர்வு வருகிறது. தவிர, நான் கண்ணால் பார்த்துக் கற்கிற ஆள்.

குரு: நாவலைத் தேர்ந்தது சரி, உன் நோக்கமே படிப்புதான். நீ சொன்ன இரண்டாவது காரணத்தை மட்டும் நம்பாதே. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்துக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. உளவியலாளர் ஹரோல்ட் பேஷ்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல் இதை எழுதினார்கள்.

சீடன்: எனக்குப் பிடித்ததுதானே என் வழி?

குரு: பிடிக்காவிட்டால் சில மாதங்களில் விட்டுவிடுவாய், ஆகவே பிடித்தமும் வேண்டும். ஆனால் அதை மட்டும் கேட்டு முடிவெடுக்காதே. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், சிலர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படிக்கும்போது நன்றாகப் போவதாகத் தோன்றும் உணர்வு அவ்வளவு பலவீனமான சாட்சி. ஷ்லீமனின் ஒப்பித்தல் வீண்போகாததற்கும் இப்படிப் பார்க்காமல் நினைவுகூர்ந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

சீடன்: அப்படியானால் வழியை முதலிலேயே தேர்ந்துவிட முடியாது. நடந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குரு: ஆம். இன்று படித்த பக்கத்தின் கதையை, அடுத்த வாரம் நூலைத் திறக்காமல் ருஷ்யத்தில் எழுதிப் பார். எவ்வளவு வருகிறதோ, உன் வழிக்கு அவ்வளவுதான் மதிப்பு.

சீடன்: இலக்கணம் வேண்டாம்தானே?

குரு: வேற்றுமை உனக்குப் புதிதல்ல. தமிழில் எட்டு, அங்கே ஆறு. ஆனால் ஒரு செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருந்ததா என்பதற்கேற்ப ருஷ்ய வினைச்சொல்லே இரண்டாகப் பிரியும். நாவலை மட்டும் வைத்து இதை ஊகிக்க மாதக்கணக்காகலாம். இலக்கண நூலில் சில பக்கம். அந்தப் பக்கங்களைப் படித்துவிடு. இன்னொன்று, ருஷ்ய நூல்களில் பொதுவாக அசையழுத்தத்தைக் குறிப்பதில்லை. அழுத்தம் விழாத ஒகரம் அகரம்போல ஒலிக்கும். பாலுக்கான சொல்லில் மூன்று ஒகரம் எழுதி, ‘மலக்கோ’ என்று சொல்கிறார்கள். தனியாகப் படித்தால் தவறான ஒலியே பதியும்.

சீடன்: படிக்க மட்டுமே ஆசைப்படுகிறவனுக்கு ஒலி எதற்கு?

குரு: செக்காவ் நாடகாசிரியரும் அல்லவா? அவருடைய மனிதர்கள் பேசுவது காதில் விழாமல் எதைப் படிப்பாய்?

சீடன்: சரி ஐயா. வாரம் ஒரு நாள் வருகிறேன். நான் உரக்கப் படிக்கிறேன், நீங்கள் திருத்துங்கள். எந்தக் கதையிலிருந்து தொடங்கட்டும்?

குரு: தமிழில் நீ அதிகமுறை படித்த கதை எதுவோ, அதிலிருந்து.