தப்பான பதிலா, தப்பான கேள்வியா?

எம்.ஜி.ஆரின் முதல் படம் எது? டக்கென்று சொல்லுங்கள், பார்ப்போம்.

'ராஜகுமாரி' என்றீர்களா? 'சதிலீலாவதி' என்றீர்களா? இரண்டு பேருக்கும் மார்க் போட்டாக வேண்டும். 1936-ல் வந்த 'சதிலீலாவதி'யில் அவருக்குச் சின்ன வேஷம். கதாநாயகனாக நடித்த முதல் படம், 1947-ல் வந்த 'ராஜகுமாரி'. அது எங்கள் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த படம் என்பதில் ஊர்க்காரர்களுக்கு இன்றும் ஒரு மிதப்பு உண்டு.

அந்த மிதப்புதான் என்னைக் கவிழ்த்தது.

சில வருஷங்களுக்கு முன் சிங்காநல்லூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு க்விஸ். லோக்கல் கேபிளுக்காக வீடியோ எடுத்தார்கள். கேள்வி தயாரித்தது அடியேன். கடைசி ரவுண்டில் இதே கேள்வியைக் கேட்டேன். என் கார்டில் இருந்த பதில் 'ராஜகுமாரி'. ஒரு பெண் பஸ்ஸரை அடித்து, "சதிலீலாவதி" என்றாள்.

"தப்பு!" என்றேன். கோப்பை அடுத்த அணிக்குப் போனது. கேமராக்காரர் அந்தப் பெண்ணின் முகத்தை க்ளோசப்பில் பிடித்து, "நல்ல ஷாட் சார்" என்று கட்டை விரலைக் காட்டினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவள் வந்தாள். "சார், ஹீரோவா நடிச்சதுன்னு நீங்க கேக்கலீங்களே?"

யோசித்துப் பாருங்கள். மைக் என் கையில்தான் இருந்தது. கூட்டம் கலையவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த தடவை பாத்துக்கலாம் கண்ணு."

அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்று ஒரு டி.வி. க்விஸ். ஹெர்ப் ஸ்டெம்பல் என்பவர் தொடர்ந்து ஜெயித்து வந்தார். 1956-ல் தயாரிப்பாளர்கள் அவரைத் தோற்கச் சொன்னார்கள். ஆஸ்கர் வாங்கிய படம் எது என்பது கேள்வி. பதில் 'மார்ட்டி'. அவருக்கு ரொம்பப் பிடித்த படம்! தெரிந்தே வேறு படத்தின் பெயரைச் சொன்னார். அவரைத் தோற்கடித்த சார்லஸ் வான் டோரனுக்குப் பதில்களை முன்பே கொடுத்திருந்தார்கள். 1959-ல் விசாரணைக் குழு முன்னால் அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷமே இந்த மாதிரி க்விஸ் மோசடிக்கு எதிராகச் சட்டம் வந்தது.

அவர்கள் திட்டம் போட்டுச் செய்தார்கள், என்னுடையது வெறும் கவனக்குறைவு என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். கேள்வியைக் கேட்கும்வரை அது சரி. அவள் வந்து கேட்ட பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? பதில் சொல்பவருக்குத்தான் பரீட்சை என்று நினைக்கிறோம். 'கதாநாயகனாக' என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சோம்பல்பட்டவனுக்கு யார் மார்க் போடுவது?

இப்போதெல்லாம் கேள்வி எழுதினால் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கிறேன். மில்லில் ரிட்டயர் ஆனவர். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பார். என் வீட்டில் அவரைக் கண்டாலே ஆகாது. எனக்கு அவர்தான் வேண்டும்.

போன வாரம், 'தமிழின் முதல் பேசும் படம் எது?' என்று எழுதி நீட்டினேன். பதில், 1931-ல் வந்த 'காளிதாஸ்'. இதில் என்ன தகராறு வந்துவிடும்?

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ஏனுங்க, அதுல தெலுங்குலயும் பேசுனாங்கல்ல? முழுத் தமிழ்ப் படமான்னு ஒரு பையன் எந்திரிச்சுக் கேட்டா என்னங்க பண்ணுவீங்க?"

கார்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.