வலியவரின் பொறுமை

ஒருவருடைய தர்மமே அவருக்கு நஷ்டத்தை விளைவிக்குமானால், அந்தத் தர்மத்தைப் போற்றுவது எவ்வாறு நியாயமாகும் என்ற வினா மிகப் புராதனமானது; அதைச் சிந்திக்கும்போதெல்லாம் என் மனம் நாடுவது ஒரு ரிஷியின் சரிதத்தையன்று, வேல்ஸ் தேசத்துக்காகக் கால்பந்து ஆடிய ஜான் சார்ல்ஸின் சரிதத்தையே.

ஸ்வான்ஸீ நகரில் 1931-இல் பிறந்து, பதினெட்டாம் பிராயத்திலேயே தேசிய அணியில் இடம்பெற்ற இவர், எவரையும் இடித்து வீழ்த்தவல்ல பேருருவம் படைத்திருந்தும், தம் ஆட்டவாழ்வில் நடுவரின் எச்சரிக்கையைக்கூட ஒருதரமேனும் பெற்றவரல்லர். 1958-இல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில், ஹங்கேரியுடன் மறுமுறை மோதி முடிவுகாண நேர்ந்த ஆட்டத்தில், எதிர்த்தரப்பார் அவரை ஓயாமல் உதைத்துக் கீழே தள்ளியபோதும், அவர் பழிவாங்க முற்பட்டாரில்லை. வேல்ஸ் 2-1 என்று வென்றது. ஆயினும் காயமுற்ற சார்ல்ஸ், இரண்டே நாளில் வந்த காலிறுதியில் ஆடக்கூடவில்லை. பதினேழு வயதுப் பெலே அடித்த ஒரே கோலால் பிரேஸில் ஜயித்தது.

தர்மம் தோற்றுவிட்டதா? கர்மத்துக்கு உடனே பலன் கிட்டவேண்டுமென்போர் ஆம் என்பார்கள். என் அபிப்பிராயம் வேறு. திருப்பி அடிக்கச் சக்தியற்றவன் சும்மாயிருப்பதை யாரும் க்ஷமை என்று கொண்டாடுவதில்லை. அடித்தால் எதிராளி எழுந்திருக்கமாட்டான் என்று அறிந்தும் அடங்கியிருந்த இவருடைய அடக்கமோ, லாபம் கருதிச் செய்த வியாபாரமன்று, சுபாவமே. சுபாவத்துக்குக் கூலி கேட்பது எங்ஙனம்?

அந்தக் காலிறுதிக்குப் பின் வேல்ஸ் உலகக் கோப்பையில் மீண்டும் ஆடியது 2022-இல். சார்ல்ஸ் 2004-இலேயே காலமாகிவிட்டார்.